பச்சைப் பலகைக் கரி

பேர்ணடெற் பயப்படாத பொருள் உலகத்தில் மிகக் குறைவு. காஸ் சிலிண்டரின் வாயை மூன்று தரம் திருகிப் பார்ப்பாள்; படியிறங்கிய பிறகு மனம் கேட்காமல் நான்காம் தரமும் பார்க்க ஏறுவாள். பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், காலை ஆறு மணிக்கு முன்னர் தொலைபேசி அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று முடிவு. கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த நாலுமாடித் தொடர்வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளுடைய கணவர் ரொனியே சொல்லிச் சிரிப்பார். ஐம்பத்தெட்டு வயது வரை இப்படிப் பயந்து பயந்து வாழ்ந்த மனுஷி, உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்றைத் தன் இரண்டு கையாலும் நொறுக்கி, மண்ணில் பிசைந்து, மூன்று வருடம் அதில் கீரை வளர்த்தாள் என்றால் என்னத்தைச் சொல்வது?

கவனமில்லாத கை என்றும் சொல்ல முடியாது. ஹெவ்லொக் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவள். பரிசோதனைக் குழாய் கழுவினாள், அமிலத்தை அளந்து வைத்தாள், மண்டையோடு போட்ட போத்தல்களைத் தனி அலுமாரியில் பூட்டித் திறப்பை அந்தோனியார் பதக்கத்தோடு கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். லேபல் இல்லாத போத்தலைத் தொடாதே என்பது அங்கே முதல் சட்டம். முப்பது வருடத்தில் அவளுடைய ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. தொடர்வீட்டில் இன்றைக்கும் அவளை முக்கால்வாசிப் பேர் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டில் நடந்தது துறைமுகத்துச் சட்டம். ரொனி கப்பலில் இருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சாமான் அடுக்கி வருகிற மரத்தட்டுகளில், அதாவது பலட்டுகளில், சூடு வைத்து இரண்டெழுத்து அடித்திருக்கும் என்பது அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். எச்.டி. என்றால் பூச்சி சாகச் சூடாக்கிய மரம், பயமில்லாமல் எரிக்கலாம். எம்.பி. என்றால் நச்சுப் புகை அடித்த மரம். "எம்.பி.யை வீட்டுக்குள்ள எடுக்காதே, எந்த எம்.பி.யா இருந்தாலும்" என்பது ரொனியின் பழைய பகிடி. எழுத்தே இல்லாத பலகை? அது உள்ளூர்ப் பலகை, அதில் ஒன்றும் இராது. துறைமுகத்தில் வேலை செய்த எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள், பேர்ணடெற்றும் நம்பினாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் காஸ் இல்லாமல் போனது. தொடர்வீட்டுச் சனம் மொட்டைமாடிக்கு விறகோடு ஏறியது. மூன்று சீமெந்துக் கல் வைத்த ஒரே அடுப்பில் எல்லோரும் முறை வைத்துச் சமைத்தார்கள். அந்த அடுப்படியில்தான் பேர்ணடெற் மூன்று வருடத்துக்குப் பிறகு எதிர்வீட்டு அஸீஸாவோடு கதைத்தாள்.

மூன்று வருடம் கதைக்காததற்குக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குள் இருந்தவர்களில் பேர்ணடெற்றின் அக்கா இமெல்டாவும் ஒருத்தி. உயிரோடு வந்தாள், ஒரு காது கேட்காமல். அன்று மாலை அஸீஸா ஒரு ஃபிளாஸ்க் தேநீரோடு வந்து கதவைத் தட்டினாள். பேர்ணடெற் கதவுக் கண்ணாடித் துளையால் பார்த்தாள், திறக்கவில்லை. அஸீஸா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அடுத்த கிழமை அஸீஸாவின் கணவர் புவாத்தை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்; கட்டிடத்தில் யாரோ பெயர் கொடுத்தார்கள் என்று பேச்சு. பதினாறு நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது தாடி முழுக்க நரைத்திருந்தது. பெயர் கொடுத்தது பேர்ணடெற் இல்லை. ஆனால் கதவைத் திறக்காதது அவள்தான், அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுப்பை அணைக்கும் விஷயத்தில் அவள் சிக்கனக்காரி. பாதி எரிந்த கொள்ளியைத் தண்ணீர் தெளித்து அணைத்து மறுநாளைக்கு வைப்பாள். உதிரும் கரித்துண்டுகளைக் கூட்டி, பொன்னாங்காணி நட்டிருந்த ஓர் உடைந்த பேசினில் கொட்டுவாள். அந்தப் பேசினில் மட்டும் கீரை ஏன் இப்படி மதாளித்து வருகிறது என்று ஒருநாள் நின்று பார்த்தாள். மற்றச் சாடிகளில் மண், வெயிலில் செங்கல்லாகி, ஊற்றும் தண்ணீர் பக்கத்தால் வழிந்தோடியது. பேசினில் மண் கறுத்து, பொருபொருத்து, இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் ஈரமாக இருந்தது.

உடனே எல்லாச் சாடிக்கும் கரியை அள்ளிப் போட்டாள். பத்து நாளில் எல்லாச் செடியும் மஞ்சள். ஆய்வுகூடத்துப் புத்தி அவளை விடவில்லை. இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? உடைந்த பேசினில்தான் அவள் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுவது வழக்கம். விஷயம் அதுதான். வெறுங்கரி பசியோடு வருகிறது. மண்ணில் இருந்த சத்தைச் செடிக்கு முன் தான் இழுத்துக்கொள்கிறது. முதலில் அதற்கு ஊட்டிவிட வேண்டும். அன்றிலிருந்து கரியை நொறுக்கி, மீன் தண்ணீரில் இரண்டு கிழமை மூடி ஊறவைத்துத்தான் மண்ணில் கலந்தாள். நாற்றத்துக்குக் கட்டிடமே மூக்கைப் பொத்தியது. கீரை வந்த பிறகு பொத்திய கைகளெல்லாம் கீரைக்கு நீண்டன; இரண்டு வீட்டுக்கு மேல் போதாது என்று அவள் மறுத்துவிட்டாள்.

முதல் பிடி எதிர்வீட்டுக்குத்தான் போனது. கதவைத் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, கை வந்தது. கிழமையில் நாலு நாள் ஒரு கிண்ணத்தில் பொன்னாங்காணியோ பசளியோ கொண்டுபோய்க் கொடுப்பாள். அஸீஸா கிண்ணத்தை ஒருபோதும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டாள். இரண்டு பேரீச்சம்பழமாவது, ஒரு துண்டு வட்டிலப்பமாவது அதில் இருக்கும். இப்படியே மூன்று வருடம் போனது. கதவுகள் இரண்டும் பகலில் திறந்தே கிடந்தன.

காஸ் திரும்பி வந்த பிறகும் பேர்ணடெற் கரி எரிப்பதை விடவில்லை. காஸ் இல்லாத அந்த வருடமே கொச்சிக்கடையில் ஒரு பழைய கிடங்கை இடித்தபோது ரொனி ஒரு திறீவீல் நிறையத் தடித்த பலகை கொண்டுவந்து மொட்டைமாடியில் அடுக்கியிருந்தார். இளம்பச்சை ஓடிய பலகை. எழுத்தில்லை. துறைமுகத்தில் கிடந்த மரம் கடற்காற்றுக்குப் பச்சை பிடிக்கும், அதில் அதிசயம் இல்லை என்றார் ரொனி. எரிக்கும்போது தீ ஓரத்தில் மயில்கழுத்து நிறம் காட்டும். அவளுக்கு அது வடிவாகத் தெரிந்தது. கரியும் நல்ல உறுதி.

இந்த வருடம் தை மாதம் அஸீஸாவின் மகள் மஸாஹிரா தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தெமட்டகொடையில் இருந்து தாய்வீட்டுக்கு வந்தாள். கலியாணமாகி ஏழு வருடம், இரண்டு தரம் தங்காமல் போன பிள்ளை. இரத்தம் குறைவு, கீரை நிறையச் சாப்பிடச் சொல்லி டொக்டர் சொன்னார் என்று கேள்விப்பட்டதுமே பேர்ணடெற் நாலு நாளை ஏழு நாளாக்கினாள். மஸாஹிரா படியில் கண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "அன்ரி, ஒங்கட கீரை தான் எனக்கி மருந்து." அதைக் கேட்டு பேர்ணடெற் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

மாசியில் மொட்டைமாடிக் கதவு வீங்கிச் சாத்த முடியாமல் போக, ஜவாத் பாஸ் வந்தார். அறுபது வயதுத் தச்சர். கதவைச் சீவிக்கொண்டிருந்தவர் பலகை அடுக்கைப் பார்த்தார்.

"மிஸ், இந்தப் பலகய என்னத்துக்கு வெச்சிருக்கீங்க?"

"எரிக்கத்தான், பாஸ்."

சீவுளியைக் கீழே வைத்தார். ஒரு பலகையை இழுத்து உளியால் ஒரு செதுக்குச் செதுக்கினார். உள்ளேயும் பச்சை. இன்னும் ஆழமாகச் செதுக்கினார். அங்கேயும் பச்சை.

"கடல் பச்ச எண்டா மேலால தான் ஈக்கும். இது மருந்து ஏத்தின பலக, மிஸ். ஹோட்டல்காரங்க கடல் பக்கம் தர போட வெளிநாட்டுல இருந்து எறக்கிறது. கறையான் தொடாது. ஆசனிக் ஈக்கி இதுல. நாங்க அறுத்தாக் கூட தூளக் கண்ட எடத்துல கொட்ட மாட்டோம்."

"எரிச்சால்?"

"பொகைல கொஞ்சம் பெய்த்திரும். மத்ததெல்லாம் சாம்பல்லயும் கரிலயும் தான். மரம் எரியும், மருந்து எரியாது, மிஸ்."

ஆசனிக் என்றால் பாஷாணம். பூட்டிய அலுமாரியில் மேல்தட்டுப் போத்தல். பேர்ணடெற் "ஓ" என்று மட்டும் சொன்னாள். ஜவாத் பாஸ் போன பிறகு சாடிகளைப் பார்த்தாள். முப்பத்தொரு சாடியிலும் கீரை பளபளவென்று நின்றது. அடுப்புக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

ரொனி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எழுத்து இருக்கேல்லையே. நான் ஒவ்வொரு பலகையும் பார்த்தனான்." பிறகு தானே ஏறிப்போய்ச் செதுக்கிய இடத்தைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அஸீஸாட்டச் சொல்ல வேணும்" என்றாள் பேர்ணடெற்.

"சொல்லாதே." அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "விசரா உனக்கு? மூண்டு வருஷமா நஞ்சு குடுத்தனாங்கள் எண்டு போய்ச் சொல்லப் போறியா? அந்த ஈஸ்டருக்குப் பிறகு? புவாத்தைக் கொண்டு போனது போதாமல், குண்டு வெடிச்சதுக்கு நாங்களும் பழி வாங்கினம் எண்டு கதை கட்டுவாங்கள். தெருவே திரளும். நீ தெரியாமச் செய்தனி எண்டு ஆர் நம்பப் போறான்?"

அவர் சொன்னது அவள் ஏற்கனவே நினைத்ததுதான். ஆனால் அவளுடைய பயம் தெருவைப் பற்றியது இல்லை. ஏழு மாதத்து வயிறு ஒன்று எதிர்வீட்டில் இருந்தது. அதற்குள் அவளுடைய கீரை போயிருந்தது.

மறுநாள் காலை எல்லாக் கீரையையும் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகுதான் மண் மிச்சம் இருப்பது உறைத்தது. அரிதட்டை எடுத்துக்கொண்டு கரியை மண்ணில் இருந்து அரித்தெடுக்கப் பார்த்தாள். பெரிய துண்டுகள் தட்டில் நின்றன. தூள் மண்ணோடு மண்ணாகக் கீழே விழுந்தது. இன்னொரு தரம் அரித்தாள். நகக்கண் எல்லாம் கறுத்தது, மூக்குக்குள் கறுப்பு. மூன்று சாடி முடிவதற்குள் மத்தியானமாகிவிட்டது. அரித்த மண்ணும் அரிக்காத மண்ணும் ஒரே நிறத்தில் இருந்தன. அரித்த கரியை எங்கே கொட்டுவது? வடிகானுக்குள் போட்டால் கடலுக்குப் போகும், குப்பைக்குப் போட்டால் யாரோ ஏழை கிண்டுவான். கடைசியில் உரப்பைகளில் கட்டித் தன் படுக்கையறைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அதற்கு மேலேதான் அவளும் ரொனியும் படுத்தார்கள், தூங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

அஸீஸாவிடம் கீரைக்குப் பூச்சி பிடித்துவிட்டது என்று சொன்னாள். அஸீஸா "பரவால்ல அக்கா" என்றாள், ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜவாத் பாஸும் புவாத்தும் ஒரே பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவர்கள். சொல்லியிருப்பாரோ? அன்றிலிருந்து எதிர்வீட்டுக் கதவு பகலிலும் சாத்திக் கிடந்தது. அடுத்த நாள் மஸாஹிராதான் கதவைத் தட்டினாள்.

"அன்ரி, கொஞ்சமாச்சும் இல்லியா? ஒங்கட கீரை இல்லாம சோறு எறங்குதில்ல."

பேர்ணடெற் அவளுடைய நகங்களைப் பார்த்தாள், உள்ளங்கையைப் பார்த்தாள், கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "இல்லை மகள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள். அந்தக் கிழமை ரொனி தன் கால்விரல்கள் விறைக்கின்றன என்று திரும்பவும் முறைப்பட்டார். ஒரு வருடமாக அதே முறைப்பாடு. சீனி வருத்தம், வேறென்ன என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மண்ணும் கரியும் உணவும் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடம் இருப்பதை விசாரித்து அறிந்து, மூன்று போத்தலில் மண், கரி, காய்ந்த கீரை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றுக்கும் லேபல் ஒட்டியிருந்தாள். கருமபீடத்தில் இருந்தவர் "மொனவத மே?" என்று சிங்களத்தில் கேட்டார், இவை என்னவென்று. அவள் போத்தல்களை முன்னால் தள்ளினாள். உள்ளிருந்து ஓர் இளம் பெண் எட்டிப் பார்த்தாள்.

"லாப் மிஸ்!"

டில்ஷானி. பதினைந்து வருடத்துக்கு முன் பரிசோதனைக் குழாய் உடைத்துவிட்டு அழுத பிள்ளை, இப்போது வெள்ளை மேலங்கியில் நின்றாள். பேர்ணடெற் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எதிர்வீட்டைத் தவிர.

டில்ஷானி குரலைத் தாழ்த்தினாள். "சாதாரண மரக் கரி எண்டா மிஸ் செய்தது அருமையான வேலை. கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைதானே. தண்ணியையும் சத்தையும் பிடிச்சு வைக்கும். செம்பு மாதிரி சில உலோகங்களைக்கூடப் பிடிச்சுப் பூட்டும். ஆனா ஆசனிக்கின்ட குணம் வேற. கரியும் சாம்பலும் மண்ணைக் காரமாக்கிப் போடும். காரமான மண்ணில ஆசனிக் இளகி வேருக்குப் போகும்."

"மண்ணில போட்ட கரி எவ்வளவு காலத்தில உக்கும், பிள்ளை?"

"உக்காது, மிஸ். நூறு வருஷமும் கிடக்கும். அதுதான் கரியின்ட பெருமை." சொல்லிவிட்டு அவள் பேர்ணடெற்றின் முகத்தைப் பார்த்தாள். "ஆரும் சாப்பிட்டவையா?"

"இல்லை" என்றாள் பேர்ணடெற். வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கையின் விரல்கள் போதும். அந்த மாதத்தில் மட்டும் இரண்டு சொல்லிவிட்டாள். மற்றது எதிர்வீட்டில் சொன்ன பூச்சிக் கதை.

பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாளும் அவள் ஒரே ஒரு வரத்தைத்தான் கேட்டாள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு நடந்து போய், கூட்டத்துக்குள் முழங்காலில் நின்று அதையே கேட்டாள். ஆண்டவரே, என்ர கீரை அந்தப் பிள்ளைக்குப் போயிருக்கக் கூடாது. நடந்து முடிந்த ஒன்றை நடக்காமல் ஆக்கும்படி கேட்பது புத்தியில்லாத வேண்டுதல் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

பதினோராம் நாள் காலை டில்ஷானி அழைத்தாள். "மிஸ், கரியில பயங்கரமா இருக்கு. மண்ணிலயும் கூட. கீரையில சாப்பிடக்கூடிய அளவை விடக் கனக்க மேல. தயவு செய்து அதை ஒருத்தருக்கும் குடுக்காதீங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தபோது எதிர்வீட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. கீழ்மாடிப் பெண் படியேறி வந்துகொண்டிருந்தாள். "தெரியாதா, மிஸ்? மஸாஹிராவை விடியவே ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. பிள்ளை துடிக்கிறது குறைஞ்சு போச்சாம்."

பேர்ணடெற் வீட்டுக்குள் திரும்பிச் செருப்பை மாற்றினாள். ரொனி வாசலில் குறுக்கே நின்றார். "எங்க போறாய்?"

"அவள் என்ன சாப்பிட்டவள் எண்டு டொக்டருக்குத் தெரிய வேணும்."

"பேர்ணடெற், யோசி."

"ரெண்டு கிழமையா யோசிச்சிட்டன். விலகுங்க." அவர் விலகினார். அவள் காஸ் சிலிண்டரைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

பஸ்ஸில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். என்ன சொல்லித் தொடங்குவது? தெரியாமல் செய்தேன் என்றா? தெரியாமல் செய்தது உண்மை. தெரிந்த பிறகு இரண்டு கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்ததும் உண்மை. அந்த இரண்டு கிழமையில் டொக்டருக்குத் தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருப்பார்கள். பிள்ளைக்கு ஏதும் ஆனால் அந்த இரண்டு கிழமைக்கு அவள்தான் பொறுப்பு. பெரிய குற்றவாளிகள்கூட இவ்வளவு நேராக யோசிப்பதில்லை.

பேற்று விடுதிக்கு வெளியே நீள வாங்குப் பலகையில் அஸீஸா தனியே இருந்தாள். பேர்ணடெற்றைக் கண்டதும் எழுந்து, பிறகு இருந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். அவளுடைய முகத்திலும் பயம் இருந்தது. மகளுக்காக என்று பேர்ணடெற் நினைத்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"மெஷின் பூட்டி ஈக்கி. நெஞ்சடி கேக்குதாம். பாப்பம் எண்டு செல்றாங்க."

"அஸீஸா, நான் ஒண்டு சொல்ல வேணும். முழுக்கச் சொல்லி முடியிற வரைக்கும் ஒண்டும் கேளாத." நின்றபடியே சொன்னாள். பச்சைப் பலகை, எழுத்தில்லாதது, கரி, மீன் தண்ணீர், ஜவாத் பாஸ், பூச்சி என்ற பொய், பரிசோதனை முடிவு. எதையும் விடவில்லை, எதற்கும் சாட்டுச் சொல்லவில்லை. "உள்ள வா, டொக்டரிட்ட நானே சொல்றன். பிறகு பொலிசுக்குச் சொல்லுறதெண்டாலும் சொல்லு. இப்ப வா."

அஸீஸா எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"அவ தின்னல்ல, அக்கா."

"என்ன?"

"மகள் ஒங்கட கீரைய தின்னல்ல. நாங்க ஒருத்தரும் தின்னல்ல. ஒரு நாளும்."

பேர்ணடெற்றுக்கு விளங்கவில்லை. "மூண்டு வருஷம் தந்தனே."

"பையில சுத்தி குப்பைல போட்டன்." அஸீஸா கண்ணைத் துடைத்தாள். "மகளுக்கு மார்க்கட்டுல வாங்கி சமச்சிட்டு, அன்ரி தந்த எண்டு செல்லினன். இவர அவங்க கொண்டு போன நாள்ல இருந்து எனக்கி ஒருத்தர் கையாலயும் தின்ன ஏலாமப் பெய்த்தக்கா. யார் பேர் குடுத்தாங்க எண்டு தெரியாது. அதுக்கு முந்தின கெழம தேத்தண்ணி எடுத்துட்டு ஒங்கட கதவத் தட்டினன், நீங்க உள்ளுக்கு நிண்டது எனக்குத் தெரியும். நீங்க நல்லவங்க எண்டும் தெரியும். தெரிஞ்சும் பயமா ஈந்திச்சி. நீங்க கீரைய நிப்பாட்டின உடன, குப்பைல கண்டுட்டீங்க எண்டு தான் நெனச்சன். அந்த வெக்கத்துல தான் கதவ சாத்தினன்."

பேர்ணடெற் முதலில் உணர்ந்தது சந்தோஷம். கலப்பில்லாத சந்தோஷம். பிள்ளைக்குப் போகவில்லை. ஓர் இலைகூடப் போகவில்லை. "ஆண்டவரே" என்று உரக்கச் சொல்லிவிட்டு வாங்கில் விழுந்தவள் போல் இருந்தாள். நெஞ்சு திறந்து காற்று உள்ளே போனது. கேட்ட வரம் கிடைத்துவிட்டது. அதுவும் அவள் கேட்பதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே. அதற்குப் பிறகுதான் மற்றது மெல்ல வந்து சேர்ந்தது. ஒவ்வொரு காலையும் பனி காயும் முன் கிள்ளியது, கழுவியது, கிண்ணத்தில் அழகாக அடுக்கியது, அத்தனையும். அவளை நம்பாததால்தான் அந்தப் பிள்ளை பிழைத்தது. இதற்கு நன்றி சொல்வதா நோவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் வலித்தன.

ஒரு தாதி கதவைத் திறந்து, பிள்ளை இப்போது நன்றாகத் துடிக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அஸீஸாவிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனாள். அஸீஸா அழுதுகொண்டே தலையாட்டினாள். பிறகு சட்டென்று அழுகை நின்றது. பேர்ணடெற்றின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அப்ப மிச்சக் கீரையெல்லாம் யார் தின்டது?"

"நானும் ரொனியும்" என்றாள் பேர்ணடெற். "ஒவ்வொரு நாளும்."